இறக்கியது யார்

ஜூன் 24, செவ்வாய்

பைலட் பயிற்சி முடிந்தது. காலை பதினோரு மணிக்கு ஆபீசில் ஒரு தாளை நீட்டி, "கோகிலவாணி, நாளையிலருந்து நீங்க ரெகுலர் ரோஸ்டர்" என்றார்கள். கைகுலுக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டு எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். தோளில் இரண்டு பட்டையோடு நானும் கொஞ்ச நேரம் காகிதத்தைப் பிடித்து இழுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ராசிபுரத்துக்குப் போன் போட்டேன். அம்மா கேட்டாள்: "மொதல்ல எந்த நாட்டுக்குக் கண்ணு போற?"

"சேலத்துக்கும்மா."

"அதுக்கு நம்மூருல இருந்தே பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் போகுதே" என்றாள்.

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் கம்பெனியிடம் இருப்பது நான்கே விமானங்கள். இறக்கைக்கு ஒன்றாகக் காற்றாடி, எழுபது இருக்கை. சென்னையிலிருந்து சேலம், திரும்பச் சென்னை, தூத்துக்குடி, திரும்பச் சென்னை, திருச்சி, திரும்பச் சென்னை. படியில் ஏறும்போதே காற்றாடியைப் பார்த்துவிட்டு "பழைய பிளேனுங்களா?" என்று கேட்பவர்கள் தினமும் இரண்டு பேராவது உண்டு. குட்டை ரன்வேக்கு இதுதான் சரி என்று சொல்ல வாய் வரை வரும். பைலட் பயணிகளோடு வாதாடக்கூடாது.

பிற்பாடு நானே படித்து மறந்துபோகாமல் இருக்க வேலையைப் பற்றி நாலு வரி. ஒரு தடவை கேப்டன் ஓட்டுவார், அடுத்த தடவை ஃபர்ஸ்ட் ஆபீசரான நான். யார் ஓட்டுகிறாரோ அவரே இறக்கவும் வேண்டும். காற்றோ மழையோ மோசமானால் கேப்டன் வாங்கிக்கொள்வார். தொண்ணூறு நாளில் குறைந்தது மூன்று தடவை என் கையால் இறக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரோஸ்டரிலிருந்து, அதாவது வேலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். தொண்ணூறு நாளில் வெறும் மூன்றா, வாரத்துக்கே பத்து இறக்குவேனே என்று நினைத்துக்கொண்டேன். டிசம்பர் வரை தற்காலிகம். அதற்குப் பிறகு பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்கள்.

ஜூலை 2, புதன்

காலை மூன்றே முக்காலுக்குக் கம்பெனி வண்டி வந்துவிட்டது. முந்தின நாள் தேய்த்த சட்டையை மெஹர் போட்டுக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்து ரகளை செய்தேன். அவளுடைய சட்டைக்குக் காலரே கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது.

மெஹருன்னிஸா என்னோடு பொழிச்சலூர் வீட்டில் இருப்பவள். ஆம்பூர்க்காரி. எங்கள் கம்பெனியிலேயே கேபின் க்ரூ. எனக்கு நான்கு வருடம் சீனியர் என்பதை வாரம் ஒரு முறையாவது நினைவுபடுத்துவாள். விமானம் இறங்கும்போது பின்கதவுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவள்தான்.

இன்று நான்கில் இரண்டு நான் இறக்கினேன். தூத்துக்குடியில் இறக்கியது எனக்கே தெரியாத அளவுக்கு மெத்தென்று இருந்தது. இரண்டு வருடம் வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது உறவுக்காரர்கள் கேட்ட கேள்விகளெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் காணாமல் போய்விட்டன.

ஜூலை 9, புதன்

ஆறு தடவை. மூன்று என்னுடையவை. கடைசி, சேலம். களைப்பு. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

விடுமுறை. துணி துவைத்தேன். தண்ணீர் கேன்காரருக்கு மூன்று முறை போன் செய்தேன். அரிசி பருப்புச் சாதம் வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது.

புதன்கிழமை சேலத்தில் சற்று அழுத்தமாக உட்கார்ந்துவிட்டது. தரையைத் தொடுமுன் விமானத்தின் மூக்கைத் தூக்க அரை நொடி தாமதித்துவிட்டேன். கருவியில் பதிவான அளவு வரம்புக்குள்தான் இருந்தது. இன்ஜினீயர் டார்ச் அடித்துச் சக்கரங்களைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். பயணிகளின் தலைக்கு மேலே இரண்டு பெட்டிக் கதவுகள் திறந்துகொண்டன, அவ்வளவுதான். ஒரு குழந்தை அழுதது. குழந்தைகள் எதற்கும் அழும். அன்றைய கேப்டன், "எறங்கிட்டோம்ல, விடும்மா" என்றார். விட்டுவிட்டேன்.

வீடெல்லாம் தைல வாசனை. மெஹருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதாம். தலையணை சரியில்லை என்கிறாள். அந்தத் தலையணையில்தான் நான்கு வருடமாகப் படுக்கிறாள்.

ஜூலை 17, வியாழன்

திருச்சிக்கு நான்தான் ஓட்டினேன். குறுக்குக் காற்று எட்டு நாட் வேகம். எனக்கு அனுமதி பத்து வரை. எட்டு என்பது பத்துக்குப் பக்கம்தான். ரன்வே தெரிந்ததும் கேப்டனிடம், "சார், காத்து கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு, நீங்க எடுத்துக்கறீங்களா?" என்றேன். எடுத்துக்கொண்டார். இதில் தவறு ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தான் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள்.

மெஹருக்குக் கழுத்துப் பட்டை போட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் தரையில் வேலை.

ஜூலை 28, திங்கள்

நான்கு தடவை. வெயில் கண்ணில் நேராக அடித்தது. கேப்டன் எடுத்துக்கொண்டார். இன்னொரு தடவை ரன்வே ஈரம். ஈரம் என்றால் ஓரத்தில்.

ஆகஸ்ட் 6, புதன்

ஸ்டாண்ட்பை. அதாவது யாருக்காவது காய்ச்சல் வந்தால் கூப்பிடுவார்கள் என்று காலை ஐந்திலிருந்து பகல் ஒன்று வரை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பது. குளியலறைக்குக்கூடப் போனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பைலட் வேலையில் பாதி இதுதான் என்று பறக்கும் பள்ளியில் ஒருவரும் சொல்லவில்லை. விளம்பரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடப்பவர்கள் எவரும் மடியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. கீரை ஆய்ந்து முடிந்துவிட்டதால் வந்த நிம்மதி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இந்த மாதம் முக்கால்வாசி கேப்டன் சொக்கலிங்கத்தோடு போட்டிருக்கிறார்கள். பெயரைப் பார்த்து நரைத்த மீசையை எதிர்பார்த்துப் போனேன். முப்பத்திரண்டு வயது, தேவகோட்டை, கேப்டன் ஆகி ஒரு வருடம்தான் ஆகிறது. பேனாக்களை நீளவாரியாக அடுக்கி வைக்கிறவர். அதிகம் பேசமாட்டார்.

சேலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டாயிரம் அடியில், "சார், இதை நீங்களே இறக்கறீங்களா? எனக்கு லேசா தலைவலி" என்றேன்.

"தாராளமா" என்றார். எவ்வளவு சீக்கிரம் சொன்னார் என்றால், நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவர் கை விமானம் ஓட்டும் பிடியில் இருந்தது. நல்ல மனிதர். துருவித் துருவிக் கேட்பதில்லை.

தலைவலி எதுவும் இல்லை. ஆனால் வரும்போல இருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

சொக்கலிங்கத்தோடு ஆறு தடவை. எல்லாம் சுமுகம். இவரோடு போட்டால் முந்தின ராத்திரி எனக்குத் தூக்கம் கெடுவதில்லை. இரண்டு பேருக்கும் நல்ல ஒத்துமை என்று ரோஸ்டர் போடும் பெண்ணிடமே சொல்லிவைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

போனில் ரோஸ்டரைத் திறந்தால் என் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் கட்டம். கடைசி மூன்று இறக்கமும் ஜூலை 9. அக்டோபர் 7 அன்று தொண்ணூறு நாள் முடிகிறது. அதற்குள் மூன்று. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றினோம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மெஹரோடு சண்டை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "கோகி, உன்னோட லேண்டிங் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சுடி" என்றாள்.

"என்ன உளர்ற?"

"பின்னாடி உக்காந்து உக்காந்து எனக்கு ஒவ்வொருத்தர் கையும் தெரியும். ஒருத்தர் ரெண்டு தட்டு தட்டுவாரு. ஒருத்தர் கடைசி வரைக்கும் இழுத்துட்டே போவாரு. நீ இடது பக்கச் சக்கரத்தை மொதல்ல வெப்ப. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, இடது பக்கம் மொதல்ல வெச்ச லேண்டிங் ஒண்ணுகூட வரல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சீனியர் என்றால் எதையும் சொல்லலாமா, காக்பிட் விஷயம் உனக்கெதற்கு என்று கத்தினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என் கழுத்துனால தானே?"

"தலையணைனு சொன்ன."

"வேற என்னத்தச் சொல்லச் சொல்ற? நீ அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழட்டாம மூணு மணி நேரம் கட்டில்ல உக்காந்திருந்த. அப்பப் போய் 'உன்னாலதான்டி'னு சொல்லணுமா?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இதை எழுதும்போது எனக்குத் தெரிகிறது. அன்றே தெரியும். தைல வாசனை வந்த அன்றே தெரியும். அறுபத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்த விமானத்தை நான் தரையில் போட்டேன், அதில் ஒருத்தி என் சிநேகிதி. மறுபடி போட்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அவ்வளவுதான். காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, தலைவலியும் இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

மெஹருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். "சர்க்கரை கம்மி" என்றாள். சமாதானம்.

இனி கொடுக்கமாட்டேன். என்னுடையதை நானே இறக்குவேன்.

அக்டோபர் 2, வியாழன்

தீர்மானம் போட்ட நேரம். ஐந்து நாள் விடுமுறையிலும் ஸ்டாண்ட்பையிலும் போயிற்று. இரண்டு நாள் நிஜமாகவே காற்று பத்தைத் தாண்டியது. இன்று சொக்கலிங்கத்தோடு நான்கு தடவை. காற்று நான்கு நாட், வானம் துடைத்துவிட்டதுபோல் சுத்தம். நான் ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டாயிரம் அடியில் அவரே, "கோகிலா, இதை நான் எடுத்துக்கட்டுமா?" என்றார்.

"இல்ல சார், நானே இறக்கறேன்."

"இல்ல, வெயில் கண்ல அடிக்குது பாருங்க."

வெயில் எங்களுக்குப் பின்னால் இருந்தது. அவர் கேப்டன். கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 4, சனி

மறுபடியும் எடுத்துக்கொண்டார். இன்று ரன்வே ஈரமாம். ஓரத்தில்.

என்னிடமிருந்து திருடிய சாக்குகளை என்னிடமே விற்கிறார் என்று மெஹரிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அவருக்கு என்னவாம்?" என்று கேட்டாள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

தூத்துக்குடியில் புறப்பட அனுமதி கிடைக்கத் தாமதம், ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. பயணிகள் இன்னும் ஏறவில்லை. சொக்கலிங்கம் மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார். நான் எடுக்கவில்லை.

"சார், நேராவே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் இறக்குனா உங்களுக்குப் பயமா இருக்கா?"

அவர் பொட்டலத்தின் ஓரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "உங்களைப் பாத்து இல்ல" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். கேப்டன் ஆகி நான்காவது மாதம் ஒரு பையனுக்கு இறக்கக் கொடுத்தாராம். அவன் விமானத்தை ரன்வேயின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். வாங்கிக்கொள்ள வேண்டிய நொடியில் இவர் கை நகரவில்லையாம். "பாத்துட்டே இருந்தேன் கோகிலா. சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தொட்டப்புறம்தான் இழுத்தேன். ஒண்ணும் ஆகல. யாருக்கும் தெரியாது. அன்னிலருந்து யாருக்கும் குடுக்கறதில்ல."

"எனக்குக் குடுக்காததும் அதனாலயா?"

"இந்த வாரம் வரைக்கும் நீங்கதான் கேக்கவே இல்லையே. நீங்களா வந்து 'சார் எடுத்துக்கறீங்களா'னு சொன்னப்ப, இப்படி ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசர் கெடைச்சாங்களேன்னு ரோஸ்டர்ல உங்களையே போடச் சொன்னேன்."

ரோஸ்டர் போடும் பெண்ணிடம் நானும் சொல்லியிருக்கிறேன் என்று சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரிப்புத்தான் வந்தது, வேறு என்ன செய்வது. இரண்டு கோழைகள் ஒன்றரை மாதம் ஒருவருக்கொருவர் முதுகு சொறிந்துகொண்டு, அதற்கு ஒத்துமை என்று பெயர் வைத்திருந்தோம்.

"நாளைக்கு ஆறு தடவை இருக்கு" என்றார். "உங்க மூணையும் நீங்களே இறக்குங்க. நான் குடுத்துடறேன்."

அக்டோபர் 6, திங்கள்

முதலாவது சேலம். அவர் வாங்கிக்கொள்ளவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் எங்கள் விமானத்தில் இரண்டு பிடிகளும் உள்ளே இணைந்தவை. ஒருவர் இழுத்தால் இன்னொருவர் கையில் தெரியும். ஐம்பது அடியில் பிடி கனத்தது. நான் தூக்குவதற்கு முன்பே அது தூக்கியது. மெத்தென்று இறங்கினோம். "நல்லா இறக்கினீங்க" என்றார். இரண்டு பேருக்கும் தெரியும்.

இரண்டாவது தூத்துக்குடி. அதே கதை.

மூன்றாவதை, முறை மாற்றி, கடைசியாகச் சென்னைக்குத் திரும்பும் தடவைக்கு வைத்துக்கொண்டோம். செங்கல்பட்டைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. காற்று பதினாறு. அதை அவர்தான் இறக்க வேண்டும், சட்டம் அது. இறக்கினார், அருமையாக இறக்கினார்.

வீட்டுக்கு வந்து லாக் புத்தகத்தைத் திறந்து இரண்டு என்று எழுதினேன். எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

சிவப்புக் கட்டம். ரோஸ்டரில் என் பெயர் இல்லை. பயிற்சிப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. ஏன் மூன்று இறக்கம் இல்லை, காரணம் என்ன. கீழே ஐந்து கட்டங்கள்: விடுப்பு, உடல்நலம், ரோஸ்டர், வானிலை, மற்றவை. மற்றவை என்றால் விவரம் எழுத வேண்டும்.

சொக்கலிங்கம் போன் செய்தார். "வானிலைனு போடுங்க. பொய் இல்லையே. நேத்து மழைதானே?"

பொய் இல்லைதான். வானிலை என்று டிக் அடித்தால் ஒரு நாள் நிஜமாகப் பறக்காமல் சிமுலேட்டரில் மூன்று இறக்கம், மறுநாளே ரோஸ்டர், டிசம்பரில் நிரந்தரம். மற்றவை என்று போட்டால் டிசம்பரில் அந்தக் காகிதம் மேசைமேல் இருக்கும். இந்த வேலைக்காக நான் காத்திருந்தது இரண்டு வருடம். கம்பெனியின் கதவுக்கு வெளியே இன்னும் நூறு பேர் காத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லவில்லை. அம்மா பாட்டுக்குப் பேசினாள். பக்கத்து வீட்டுக்கு ஒறம்பரை, சொந்தக்காரி ஒருத்தி, வரும் வாரம் கைக்குழந்தையோடு சென்னையிலிருந்து சேலத்துக்குப் பிளேனில் வருகிறாளாம். "நீதான் ஓட்டுவியாமா கண்ணு? நீ இருந்தா எனக்குப் பயமில்லைனு அவகிட்டச் சொல்லிப்போட்டேன்."

போனை வைத்துவிட்டு மற்றவை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். எழுதியது இவ்வளவுதான்: ஜூலை 9 சேலத்தில் கடினமாக இறக்கினேன். அதன் பிறகு பயத்தால் என் முறைகளைக் கேப்டன்களிடம் கொடுத்தேன். காற்று, வெயில், தலைவலி என்று சொன்ன காரணங்கள் உண்மையல்ல. நேற்று இறக்கியதாக எழுதிய இரண்டும் முழுக்க என்னுடையவை என்று சொல்ல முடியாது.

யார் பெயரையும் எழுதவில்லை. அனுப்பிவிட்டுச் சமையலறைத் தரையில் போய் உட்கார்ந்தேன். மெஹர் எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள்.

அக்டோபர் 9, வியாழன்

பயிற்சித் தலைவர் கேப்டன் மரகதம் ஐசக் கூப்பிட்டார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு என் படிவத்தை என் எதிரிலேயே இன்னொரு முறை படித்தார்.

"நிரந்தரம் டிசம்பர்ல இல்ல. மூணு மாசம் தள்ளிப்போகும். புரியுதா?"

"புரியுது மேடம்."

"வேலையை விட்டுத் தூக்குவாங்கன்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"இப்படி எழுதறவங்களையெல்லாம் தூக்குனா அப்புறம் யாரு எழுதுவா? வானிலைனு டிக் அடிச்ச படிவம் இந்த வருசம் மட்டும் பதினேழு வந்திருக்கு. அத்தனை மழை எங்க பேஞ்சுதுன்னு எனக்குத் தெரியல." மேசையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். "இது காலைல வந்தது. இந்த ஆள்கிட்ட நான் படிவமே கேக்கல."

சொக்கலிங்கத்தின் கையெழுத்து. ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். மக்ரூன் பொட்டலத்தை மடித்து மடித்துச் சொன்ன அதே கதை. கடைசி வரியில், 'ஆறாம் தேதி இரண்டு தடவையும் பிடியை இழுத்தது நான்' என்று இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரகதம் மேடம் அதைக் கவனிக்காமல் காலண்டரைப் பார்த்தார். "ரெண்டு பேரும் பதினாறாம் தேதி ஹைதராபாத் சிமுலேட்டருக்கு வாங்க" என்றார்.

அக்டோபர் 16, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சிமுலேட்டர் என்பது இரும்புக் கால்களில் நிற்கும் ஒரு பெரிய பெட்டி. உள்ளே அச்சாக எங்கள் காக்பிட். வெளியே திரையில் ரன்வே தெரியும். தரையில் மோதினால் நிஜமாகவே முதுகெலும்பில் தெரியும். இடது பக்கம் சொக்கலிங்கம், வலது பக்கம் நான், பின்னால் மரகதம் மேடம்.

எனக்குப் பயிற்சி கொடுப்பார் என்று நினைத்துப் போயிருந்தேன். ராத்திரி முழுக்கப் புத்தகம் படித்திருந்தேன். மேடம் சொன்னார்: "மொதல்ல சொக்கலிங்கம். இவருக்கு வாங்கிக்கப் பழகணும். அதுக்கு நீ மோசமா இறக்கணும். மூக்கைத் தூக்காத. அப்படியே கொண்டுபோய் மோது. இவர் வாங்கறாரான்னு பாப்போம்."

மோசமாக இறக்குவதா, அது என் கைவந்த கலையாயிற்றே என்று நினைத்தேன்.

முதல் தடவை. ஐம்பது அடி, முப்பது, இருபது. தூக்காதே, தூக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை தூக்கிவிட்டது. இடது சக்கரம் தொட்டது, பிறகு வலது. சொக்கலிங்கம் வாங்கிக்கொள்ள ஒன்றுமே இல்லை.

"என்னம்மா இது?" என்றார் மேடம்.

"தெரியல மேடம். சாரி."

இரண்டாவது தடவை. கொஞ்சம் வேகமாகவே கொண்டு போனேன். பத்து அடியில் மறுபடி கை தானாகத் தூக்கியது. சற்று அழுத்தம், ஆனால் நடுக்கோட்டில். மூன்றாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு பிடியை அப்படியே அழுத்தி வைத்திருந்தேன். தரை எழும்பி வந்தது. நினைவு ஜூலைக்குப் போனது. அந்த நேரம் இடது பக்கத்திலிருந்து, "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று ஒரு குரல். தெளிவாக, நேரத்துக்கு. பிடி என் கையை விட்டு மேலே போனது, விமானம் ஏறியது. சொக்கலிங்கத்தின் முகத்தை அப்போது பார்த்தேன். தேர்வில் பாஸான பையனின் முகம்.

"இன்னொரு தடவை" என்றார் மேடம். "இதே மாதிரி மோசமா."

நான்காவது தடவை என்னால் முடியவில்லை. ஐந்தாவதிலும் முடியவில்லை. எவ்வளவு முயன்றாலும் கடைசி நொடியில் கை யாரையும் கேட்காமல் தன் வேலையைச் செய்தது. ஐந்தாவது முறை மெத்தென்று இறங்கி நின்றதும் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"உன்கிட்ட ஒரு கெட்ட லேண்டிங் வாங்கறதுக்குள்ள என் சாப்பாட்டு நேரம் போயிடும்போல இருக்கு."

சொக்கலிங்கம் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டேன். மூன்று மாதமாக இந்தக் கை என்னோடுதான் இருந்திருக்கிறது. சோறு பிசைந்தது, சட்டை தேய்த்தது, கீரை ஆய்ந்தது. நான்தான் அதை நம்பவில்லை.

எனக்கென்று வைத்திருந்த மூன்று இறக்கங்கள் பிற்பகலில் நடந்தன. பத்து நிமிடத்தில் முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 18, சனி

பச்சைக் கட்டம். தீபாவளிக்கு ஊருக்குப் போக லீவு கேட்டேன். ரோஸ்டர் போடும் பெண் பத்து நாள் பறக்காமல் இருந்துவிட்டு லீவா என்று கேட்டாள். நியாயம்தான். தீபாவளியன்று ஸ்டாண்ட்பை. ஆம்பூரிலிருந்து மெஹரின் அண்ணன் பிரியாணி கொண்டுவருவதாகப் பேச்சு.

அக்டோபர் 27, திங்கள்

சேலம். சொக்கலிங்கம் கேப்டன். ஐம்பத்தெட்டு பயணிகள், கைக்குழந்தைகள் இரண்டு. குறுக்குக் காற்று ஒன்பது நாட். எனக்கு அனுமதி பத்து.

இரண்டாயிரம் அடியில் அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்நூறு அடியில் காற்று ஒரு பக்கமாகத் தள்ளியது, திருப்பி நிறுத்தினேன். நூறு. ஐம்பது. பிடி இலேசாகவே இருந்தது. சற்று அழுத்தமாகத்தான் உட்கார்ந்தது. யாரும் அழவில்லை.

விமானத்தை ஓரமாக நிறுத்தி, காற்றாடிகள் நின்று, பயணிகள் இறங்கத் தொடங்கியதும் சொக்கலிங்கம் என் பக்கம் திரும்பினார்.

"கடைசி வரைக்கும் என் கை ரெண்டும் மடியிலதான் இருந்துச்சு. பாத்தீங்களா?"

"இல்ல சார்" என்றேன். "நான் ரன்வேயைப் பாத்துட்டிருந்தேன்."